ஈரம் பற்றிய கோப்பு

பாத்திரம் கழுவும் மெஷின் வீட்டுக்கு வந்த பதினோராம் நாள், ஓய்வுபெற்ற சூப்பரின்டெண்டிங் இன்ஜினியர் வெங்கிடேஸ்வரன் அதன் பேரில் ஒரு கோப்பு திறந்தார்.

பச்சை அட்டை, சிவப்பு நாடா. மேலே கொட்டை எழுத்தில்: 'பாத்திரங்களில் ஈரம் தங்குதல் - காரணமும் பரிகாரமும்'. முப்பத்து நாலு வருஷம் சர்க்கார் அணைகளின் கசிவை அளந்த மனிதர். அணை கசிந்தாலும் டம்ளர் கசிந்தாலும் அவருக்கு முதலில் நாடா கட்டியாக வேண்டும். அவர் அளந்த கசிவுகளில் ஒன்றாவது நின்றதாகத் தகவல் இல்லை. கோப்புகள் மட்டும் ஒன்றுகூடக் காணாமல் போனதில்லை.

அவருடைய மனைவி பட்டு அந்த அட்டையைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கல்பாத்தி அக்ரகாரத்து வீட்டில் அவள் காலடி வைத்து நாற்பத்தோரு வருஷம். அத்தனை வருஷமும் அங்கே பாத்திரம் கழுவப்பட்டுத்தான் வந்திருக்கிறது. அதைப் பற்றி அவர் ஒரு துண்டுச் சீட்டில்கூட எழுதியதில்லை. பெண்கள் கழுவிய வரைக்கும் அது வீட்டு வேலை. மெஷின் கழுவ ஆரம்பித்ததும் பொறியியல் ஆகிவிட்டது.

விவகாரம் இதுதான். பகல் சாப்பாடு முடிந்து ஒன்றரை மணிக்குப் பட்டு மெஷினை நிரப்பிக் கதவைச் சாத்துவாள். அது இரண்டரை மணி நேரம் வயிற்றுக்குள் குமுறிவிட்டு, நாலு மணிக்குச் சின்னதாக ஒரு பாட்டுப் பாடி ஓயும். ஐந்து மணிக்கு வெங்கிடேஸ்வரன் பகல் தூக்கம் கலைந்து, கண்ணாடியும் நோட்டுப் புத்தகமுமாக வந்து கதவைத் திறப்பார். தட்டெல்லாம் அப்போதுதான் ஆற்றில் முங்கி எழுந்ததுபோல் சொட்டிக்கொண்டிருக்கும். கவிழ்த்த டம்ளர்களின் முதுகில் தண்ணீர் முத்து முத்தாக நிற்கும்.

"இதோ பார் பட்டு, இன்னிக்கும் அதே கதையாக்கும். உலர்த்தற கட்டத்துல ஏதோ கோளாறு."

"துணியால தொடச்சு வெச்சுட்டா ஆச்சு. அதுக்கு என்னத்துக்கு நோட்டும் பேனாவும்?"

"தொடைக்கறது பரிகாரம் இல்லை. மூலகாரணம் தெரியணும்."

மூலகாரணம் என்ற வார்த்தையைச் சொல்லும்போது அவர் குரல் ஒரு படி இறங்கிக் கனத்துவிடும். எதிரே ஒரு மந்திரியும் நாலு பத்திரிகைக்காரர்களும் உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கும்.

பட்டுவுக்கும் ஒரு மூலகாரணம் தெரிய வேண்டியிருந்தது. அது வேறு விஷயம். அதற்கு யாரும் கோப்பு திறக்கவில்லை.

புஷ்பமேரி வேலையை விட்டு மூன்று மாதம் ஆகியிருந்தது. பத்தொன்பது வருஷம் காலை ஆறரைக்குப் பின்வாசல் வழியாக வந்தவள், ஒரு திங்கட்கிழமை வரவில்லை. பட்டு போன் செய்தாள். "இனி நமக்கு ஆகாதுங்க மாமி. வேற ஆளப் பாத்துக்குங்க" என்றாள் புஷ்பமேரி. "ஏன்டி, என்ன ஆச்சு?" "ஒண்ணுமில்லீங்க மாமி." அவ்வளவுதான். அப்புறம் கூப்பிட்டால் எடுப்பதில்லை.

ஆள் நின்ற சேதி தெரிந்ததும் பெங்களூரிலிருந்து மகன் அனந்த் மெஷினை அனுப்பிவிட்டான். கைக்குப் பதில் கை வந்துவிட்டதென்று அவன் நினைத்தான். அவன் மேல் தப்பில்லை. பின்கட்டில் நடந்தது பாத்திரம் கழுவுவது மட்டும்தான் என்று யாருமே நினைப்பார்கள்.

நிலைப்படிக்கு அந்தப் பக்கம் குழாயடியில் புஷ்பமேரி, இந்தப் பக்கம் முழங்காலைக் கட்டிக்கொண்டு பட்டு. தினமும் முக்கால் மணி நேரம். அனந்த் வடக்கத்திப் பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போகிறான் என்ற செய்தி வெங்கிடேஸ்வரனுக்குப் போய்ச் சேர்வதற்கு ஒரு மாதம் முன்பே புஷ்பமேரிக்குத் தெரியும். பட்டுவின் கர்ப்பப்பையை எடுத்தபோது ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கூட இருந்தவள் அவள்தான். "ஐயா இன்னிக்கு எதுக்குங்க இத்தன கத்து கத்தறாரு?" என்று கரியும் சபீனாவுமாகக் கையை நீட்டிக் கேட்பாள். "பேப்பர் லேட்டா வந்தது பேப்பர்காரன் தப்பா, சர்க்கார் தப்பாங்கறது இன்னும் தீர்மானமாகலையாம்" என்பாள் பட்டு. இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

அப்படிப்பட்டவள் எதற்காகப் போனாள்? பட்டு கணக்கில்லாத காரணங்களை எடுத்து எடுத்துப் பார்த்தாள். தீபாவளிப் புடவை பிடிக்கவில்லையோ. இவர் ஏதாவது சொல்லிவிட்டாரோ. வேறு வீட்டில் கூடுதலாகத் தருகிறார்களோ. எதுவும் பொருந்தவில்லை. காரணம் மட்டும் தெரிந்துவிட்டால் போதும், தப்பு யார்மேல் இருந்தாலும் தன்மேல் போட்டுக்கொண்டு, கையைப் பிடித்து அழைத்து வந்துவிடலாம் என்று நம்பிக்கொண்டிருந்தாள்.

இதற்கிடையில் ஈரம் பற்றிய விசாரணை சூடுபிடித்தது.

முதல் சந்தேகம் பாலக்காட்டுக் காற்றின் மேல் விழுந்தது. வாளையாறு கணவாய் வழியாக வரும் காற்றின் ஈரப்பதம் குறித்து வெங்கிடேஸ்வரன் தெருச் சங்கத்தின் வாட்ஸாப் குழுவில் மூன்று பாகமாக எழுதினார். சங்கத் தலைவர் என்பதால் யாரும் படிக்காமலே கை கூப்பினார்கள். அடுத்தது எவர்சில்வர். கண்ணாடியும் பீங்கானும் சூட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு தாமே உலரும், எவர்சில்வர் சீக்கிரம் ஆறிவிடும் என்று கண்டுபிடித்தார். கண்டுபிடித்து என்ன செய்ய, அந்த வீட்டில் மாடத்து விளக்கைத் தவிர எல்லாமே எவர்சில்வர்.

"அப்பா, ரின்ஸ் எய்ட் ஊத்தினேளா? நீல பாட்டில். அது இருந்தாத்தான் ஜலம் வழிஞ்சு எறங்கும்" என்றான் அனந்த் வீடியோவில்.

"ஊத்தியாச்சு. அளவைக் கூட்டியும் ஆச்சு."

"உப்பு?"

"போட்டாச்சு. கீழ்த்தட்டை முதல்ல எடுத்துட்டு மேல்தட்டை அப்புறமா எடுக்கறோம். டம்ளரைச் சாய்ச்சு வெக்கறோம். எல்லாம் நெறிமுறைப்படி."

நெறிமுறையில் அவர் சேர்த்த ஒரு விதி கம்பெனி கையேட்டில் இல்லாதது. சாதம் வெந்த பாத்திரம் பத்து, சாப்பிட்ட தட்டு எச்சில். இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. ஆகவே மேல்தட்டு பத்துக்கு, கீழ்த்தட்டு எச்சிலுக்கு. "உள்ளுக்குள்ள ஒரே ஜலந்தானேப்பா ரெண்டையும் சுத்தி வரது?" என்று அனந்த் கேட்டான். வெங்கிடேஸ்வரன் இரண்டு நிமிஷம் யோசித்தார். "ஓடற ஜலத்துக்கு தோஷமில்லை" என்று தீர்ப்பு வந்தது. கங்கைக்குச் சொன்னதை இருநூற்று முப்பது வோல்ட் பம்புக்கும் பொருத்திவிட்ட திருப்தியில் அன்று ஒரு கை சாதம் கூடுதலாகச் சாப்பிட்டார்.

கடைசியில் சர்வீஸ் ஆளை அழைத்தார்கள். ஜோஜோ என்று ஒரு பையன், மண்ணார்க்காட்டுக்காரன். முதுகுப் பையோடு ஒன்றரை மணிக்கு வந்தான். வெங்கிடேஸ்வரன் கோப்பைப் பிரித்து முதல் பக்கத்திலிருந்து வாசித்தார். அவன் நின்றுகொண்டே, நல்ல பிள்ளையாக, ஏழாம் பக்கம் வரை கேட்டான்.

"சாரே, ஒரு தடவை ஓட்டிப் பார்த்துருவோம். நான் இங்கனே இருக்கேன்."

உள்ளே கையை விட்டு எதை எதையோ தட்டிப் பார்த்தான். வடிகட்டியைக் கழற்றி மாட்டினான். மெஷின் ஓடியது. பகல் தூக்கத்தைத் தியாகம் செய்த வெங்கிடேஸ்வரன், மலம்புழை அணையில் தாம் கண்டுபிடித்த மயிரிழை விரிசலைப் பற்றி இரண்டு மணி நேரம் அவனுக்குச் சொன்னார். நாலரை மணிக்கு மெஷின் பாட்டுப் பாடியது. ஜோஜோ கதவைத் திறந்து ஒரு தட்டை எடுத்து விரலால் தேய்த்தான். கீச்சென்று சத்தம் வந்தது.

"ஒணங்கியிட்டுண்டல்லோ சாரே! காஞ்சு நிக்குது. ஒரு கேடும் இல்ல. மெஷின் ஒண்ணாந்தரம்."

வெங்கிடேஸ்வரனின் முகத்தில் கோப்பு கையைவிட்டுப் போகிறதே என்ற கலவரம் தெரிந்தது. "அது எப்படி? வேரியபிள்கள் மாறியிருக்கணும். இன்னிக்கு வோல்டேஜ்..." என்று தொடங்கினார். ஜோஜோ தட்டைத் திரும்ப வைத்துவிட்டுக் காப்பி டம்ளரைக் கையில் எடுத்தான்.

அப்போது பட்டு கூடத்திலிருந்து வந்தாள். பாட்டுச் சத்தம் கேட்டதும் வந்திருந்தாள். குழாயடியில் செம்பை நிரப்பினாள். மெஷினின் முன்னால் குனிந்து, மேல்தட்டில் பாதி, கீழ்த்தட்டில் பாதியாக, ஒரு பாத்திரம் விடாமல் வரிசையாக ஜலம் விட்டாள். கதவைச் சாத்தினாள். செம்பைக் கவிழ்த்துவிட்டுப் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். இரண்டு பேரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு நின்றாள்.

"என்ன?"

"நீ இப்ப என்ன பண்ணினே?" என்றார் வெங்கிடேஸ்வரன்.

"என்ன பண்ணினேன்?"

ஜோஜோ காப்பியைக் கீழே வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். "என்டம்மே! இத்தனை பாடுபட்டு அது கழுவி ஒணக்கி வெச்சிருக்கு. அதும்மேல நீங்க பின்னையும் தண்ணி ஊத்துனா, மெஷினுக்கு சங்கடம் வராதா? என்னமோ அது அழுக்காக் கழுவின மாதிரி!"

பட்டு கவிழ்த்து வைத்த செம்பைப் பார்த்தாள்.

வேலைக்காரி கழுவி வைத்ததை அப்படியே உள்ளே எடுக்கக் கூடாது, மேலே ஜலம் விட்டுத்தான் எடுக்க வேண்டும். மாமியார் அப்படிச் செய்தாள், அவளுக்கு முன்னால் அவள் மாமியார் செய்திருப்பாள். யாரும் சொல்லித் தரவில்லை. கை பார்த்துக்கொண்டிருந்து தானே படித்துக்கொண்டது. கண்ணாடியை மூக்கில் வைத்துக்கொண்டே வீடெல்லாம் தேடுகிறவர்கள் உண்டு. பட்டுவின் கை அதற்கும் மேலே போய்விட்டது. யார் கழுவினார்கள் என்று பார்க்கக்கூட அது நிற்கவில்லை.

"அப்போ மூலகாரணம் கெடச்சாச்சு" என்றார் வெங்கிடேஸ்வரன், சோகமாக. அன்று மாலையே கோப்பில் கடைசி வரி எழுதினார்: 'உபயோகிப்பாளரின் பழக்கதோஷம். மெஷினில் குறையில்லை. நடவடிக்கை முடிக்கப்பட்டது.' கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, நாடாவை இறுக்கிக் கட்டினார். அவர் சரித்திரத்தில் நின்ற முதல் கசிவு.

பட்டு அவர் எழுதுவதைப் பார்க்கவில்லை. கூடத்தில் உட்கார்ந்து, புஷ்பமேரி வராமல் போன அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின நாளை நினைத்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்குப் புஷ்பமேரிக்குக் காய்ச்சல். மகள் ஜோமோள் வந்தாள். பார்மஸி கடைசி வருஷம் படிக்கிற பெண். "அம்மாவால எழுந்திரிக்க முடியல ஆன்ட்டி. நான் கழுவித் தர்றேன்" என்று பின்கட்டில் உட்கார்ந்து அத்தனையும் பளபளவென்று தேய்த்து அடுக்கினாள். பட்டு ஆசையாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் வியர்வையோடு எழுந்து நின்றவளிடம் "சமர்த்து" என்றாள். சொல்லிக்கொண்டே செம்பை எடுத்து அடுக்கின் மேல் ஜலம் விட்டாள். "ஏதாச்சும் அழுக்குப் போகலையா ஆன்ட்டி?" என்று கேட்டது அந்தப் பெண். "இல்லடி கொழந்தே, சும்மா." ஜோமோள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டாள். பாத்திரத்தையும் பார்த்தாள், பட்டுவையும் பார்த்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

மூன்று மாதம் தேடிய காரணம் கைக்குள்ளேயே இருந்திருக்கிறது. பின்கட்டில், பட்டப்பகலில், பத்தொன்பது வருஷம், தினந்தோறும். அத்தனையும் புஷ்பமேரியின் கண்ணெதிரே. அவளிடம் பேசிக்கொண்டே, சிரித்துக்கொண்டே.

மறுநாள் ஞாயிறு. கோவிலுக்கு என்று சொல்லிவிட்டுப் பட்டு ஆட்டோவில் ஒலவக்கோட்டுக்குப் போனாள். ரயில்வே காலனிக்குப் பின்னால் வீடு என்று தெரியும்; ஒரு நாளும் வந்ததில்லை. ஆட்டோவில் வரும் வழியெல்லாம் ஒரு வாக்கியத்தை உருப்போட்டுக்கொண்டே வந்தாள்: 'நான் பண்ணினது பெரிய தப்புடி புஷ்பம், மன்னிச்சுடு, திரும்பி வா.' நாற்பத்தோரு வருஷத்தில் யாரிடமும் மன்னிப்புக் கேட்டுப் பழகாத நாக்கு. ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு வார்த்தை வழுக்கி விழுந்தது.

புஷ்பமேரி வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். பட்டுவைக் கண்டதும் விளக்குமாறு கையிலேயே நின்றது.

"மாமி! ஏனுங்க மாமி, இத்தன தூரம்? வாங்க, உள்ள வாங்க."

இளைத்திருந்தாள். ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதைத் தன் முந்தானையால் துடைத்துப் போட்டாள். பட்டு உட்காரவில்லை.

"புஷ்பம், நேக்கு இப்பத்தான்டி புரிஞ்சுது. பாத்ரத்து மேல ஜலம் விடறது..."

"உக்காருங்க மாமி. மொதல்ல உக்காருங்க."

பட்டு உட்கார்ந்தாள். புஷ்பமேரி சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். சாதாரணமாக, சந்தையில் பார்த்ததைச் சொல்வதுபோல் சொன்னாள்.

"அது மொதல் நாளே தெரியுமுங்க. உங்க தெருவுல எல்லா ஊட்லயும் அப்பிடித்தான. ஒரு வருசம் மனசு சுட்டுது. அப்பறம் மரத்துப்போச்சு. நீங்க எங்கிட்ட மத்ததுக்கெல்லாம் மனுசியாத்தான இருந்தீங்க. அதுக்காக இத விட்டுட்டனுங்க."

"அப்போ ஏன்டி நின்னுட்டே?"

"அந்தப் புள்ள பாத்துப்போட்டாளே." புஷ்பமேரி கைவிரல்களைப் பார்த்தாள். "காச்சலோட படுத்துக் கெடக்கறேன். வந்து நிக்கறா. 'அம்மா, அந்த ஆன்ட்டி தெனமும் உனக்கு இப்பிடித்தான் பண்ணுவாங்களா?'ன்னு கேக்கறா. நான் என்னத்தச் சொல்லட்டும்? பத்தொம்பது வருசம் நின்னு பாத்துக்கிட்டிருந்தேன், அந்தக் காசுலதான் உன்னப் படிக்க வெச்சேன்னா? இல்லடி, இன்னிக்கு மட்டுந்தான், அவங்க ஊட்ல ஏதோ விசேசமா இருக்கும்னு சொல்லிப்போட்டேன். அவகிட்ட நான் சொன்ன மொதப் பொய்யி. அதுக்கப்பறம் நான் அங்க வந்தா, அவ இன்னொரு நாளு வந்து பாக்க மாட்டாளா?"

பட்டு நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்தாள்.

"அப்பறம், ஏன் வேலைக்குப் போகலன்னு நோண்டி நோண்டிக் கேட்டா. உங்க ஊட்டுக்கு மெஷின் வந்துருக்குதுன்னு கேள்விப்பட்டிருந்தனுங்க. அவங்க மெஷின் வாங்கீட்டாங்க, என்ன வேண்டான்னுட்டாங்கன்னு சொன்னேன். அதுவும் பொய்யிதானுங்க. மன்னிச்சுக்குங்க மாமி, உங்க பேருல பழி போட்டுட்டேன்."

மன்னிப்பு கேட்க வந்தவளிடம் மன்னிப்பு கேட்கப்பட்டது. பட்டு உருப்போட்டு வந்த வாக்கியம் அப்படியே மிச்சமிருந்தது. அதைச் சொல்லிவிட இதுதான் நேரம் என்று வாயைத் திறந்தபோது, கையில் பாட்டுப் புத்தகத்தோடு ஜோமோள் சர்ச்சிலிருந்து உள்ளே வந்தாள்.

"ஆன்ட்டியா?" என்றாள். வா என்றும் சொல்லவில்லை, ஏன் வந்தாய் என்றும் கேட்கவில்லை. புத்தகத்தை மேசைமேல் வைத்தாள். படித்த பெண், நேராகக் கேட்டாள்.

"நீங்க வந்தது நல்லதாப் போச்சு. நான் ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு நான் கழுவுன பாத்திரத்து மேல தண்ணி ஊத்துனீங்கல்ல? எங்க அம்மாவுக்கும் தெனமும் அப்பிடித்தானா?"

புஷ்பமேரி தலையைத் தூக்கவில்லை. தரையில் இல்லாத ஒரு கறையை உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டிருந்தாள். பட்டு அந்தக் கையைப் பார்த்தாள். உண்மையைச் சொல்லி அழுதுவிட்டால் தனக்குப் பாரம் குறையும். அந்தப் பாரம் நேராகப் போய் இவள் தலையில் இறங்கும், மகளின் எதிரில்.

"இல்லடி கொழந்தே" என்றாள் பட்டு. "அன்னிக்கு மட்டுந்தான். எங்காத்துல அன்னிக்கு ஸ்ரார்த்தம். மடி. வேறொண்ணும் இல்லை."

"நெசமாவா?"

"உங்கம்மா கழுவினதுல நான் என்னிக்கும் கொறை கண்டதில்லைடி."

ஜோமோள் தாயைப் பார்த்தாள். முகத்தில் ஏதோ ஒன்று தளர்ந்தது. உடனே வேறொன்று இறுகியது.

"அப்போ மெஷின் வாங்குனதும் நெசந்தான்."

"ஆமாம்."

"பத்தொம்பது வருஷம் உங்க ஊட்டுல கிடந்தவங்கள, ஒரு மெஷினுக்காகப் போன்னு சொல்லீட்டீங்க."

'இல்லை' என்ற சொல் பட்டுவின் நுனி நாக்கு வரை வந்தது. இதொன்றுதான் அவள் செய்யாத பாவம். புஷ்பமேரியைத் திரும்பக் கேட்பதற்கு மிச்சமிருந்த வழியும் அந்த ஒரு சொல்தான்.

"ஆமாம்டி" என்றாள். "மெஷின் இருக்கறச்சே ஆள் என்னத்துக்குன்னு தோணித்து."

"அதச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தீங்களா?"

"ஜோமோளே, போதும். பெரியவங்ககிட்டப் பேசற பேச்சா இது?" என்றாள் புஷ்பமேரி. "மாமி, பாலில்லீங்க, ஒரு வாய் கட்டஞ்சாயா போடட்டுங்களா?"

"வேண்டாம்மா. அவங்க குடிக்க மாட்டாங்க" என்றாள் ஜோமோள்.

பட்டு குடித்திருப்பாள். இன்றைக்கு எது கொடுத்தாலும் குடித்திருப்பாள். ஆனால் வேலைக்காரியை மெஷினுக்காகத் துரத்திய மாமி அந்த வீட்டில் உட்கார்ந்து சாயா குடிப்பது கதைக்குப் பொருந்தாது. எழுந்தாள்.

"வரேன்டி புஷ்பம்."

"செரிங்க மாமி."

புஷ்பமேரி எழுந்திருக்கவில்லை. மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். வேலையை விட்டு நிறுத்தியவளை வாசல் வரை வந்து யாரும் வழியனுப்புவதில்லை. பட்டு அவளாகவே படலைத் திறந்து, அவளாகவே சாத்தினாள். திரும்பிப் பார்க்கலாமா என்று ஒரு கணம் நின்றாள். உள்ளே ஜோமோள் ஏதோ கேட்டாள். புஷ்பமேரி அதற்குப் பதில் சொன்னாள். என்ன சொன்னாள் என்பது காதில் விழவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. ஆட்டோ கிடைக்க மேம்பாலம் வரை நடக்க வேண்டியிருந்தது.